பாதி மேலே, பாதி கீழே

அண்ணனைக் கட்டிய சத்தியபாய் மைனி எங்கள் வீட்டுக்குள் கால் வைத்த அன்று முதலில் பார்த்தது அடுக்களைச் சுவரைத்தான். குனிந்து, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும் கையால் தடவிப் பார்த்தாள். கலியாணத்துக்கு வந்திருந்த பெண்கள் புதுப்பெண் எதையோ தொலைத்துவிட்டாள் என்று நினைத்தார்கள்.

"என்னத்தத் தேடுதா?" என்று அம்மா கேட்டாள்.

"தண்ணி எதுவரைக்கும் ஏறும் மாமி? சுவத்துல அடையாளம் ஒண்ணையும் காணல்லியே."

அடுக்களையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வீட்டு அன்னக்கிளிதான் அதிகமாகச் சிரித்தாள். "பங்குனி மாசம் கேளு மக்கா இந்தக் கேள்விய. ஒரு கொடம் தண்ணிக்கு நாலு விளை தாண்டிப் போவணும். இவளுக்கு வீட்டுக்குள்ள தண்ணி ஏறணுமாம்!"

மைனி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் கை இன்னும் சுவரிலேயே இருந்தது.

அவள் பிறந்த ஊர் மணக்குடிக் காயல் கரை. பழையாறு கடலில் போய்ச் சேருகிற இடம். ஆற்றின் வாயைக் கடல் மணல் போட்டு அடைத்துவிடும். மழைக்காலத்தில் ஆறு பெருகி வந்து, போக வழியில்லாமல் வீடுகளுக்குள் ஏறும். ஆண்கள் மண்வெட்டியோடு போய் அந்த மணலை வெட்டிவிடுகிற வரைக்கும் தண்ணீர் வீட்டுக்குள்ளேதான் நிற்கும். அங்கே ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் பழைய வெள்ளங்களின் கோடு இருக்குமாம். புது வீட்டுக்குப் போனால் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் அரிசிப் பானையை எங்கே வைப்பது என்று முடிவு செய்வார்களாம்.

அவள் கொண்டுவந்த சாமான்களில் ஒரு கடவமும் இருந்தது. பனையோலையில் இரட்டையாக முடைந்த பெரிய பெட்டி. மூடியும் கயிறும் உண்டு. மறுநாள் காலையில் அதை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். உள்ளே ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி, மெழுகுத் துணியில் சுற்றிய தீப்பெட்டி, உப்பு, சுக்கு, மெழுகுதிரி, ஒரு கத்தி, ஒரு சுருள் கயிறு. "எங்க ஊருல எல்லா வீட்டுலயும் தொங்கும் மாமி. ஓடுனா இத எடுத்துட்டு ஓடணும்" என்றாள்.

அன்னக்கிளி வந்து அண்ணாந்து பார்த்தாள். "நேசம்மாக்கா, உனக்க மருமவ வீட்டுக்குள்ள கப்பலு கட்டியிருக்கா" என்றாள். அன்றிலிருந்து அந்தக் கடவத்துக்குக் கப்பல் என்றே பெயர்.

எங்கள் ஊர் அகஸ்தீஸ்வரம் பக்கம். செம்மண், பனை, முள்செடி. எங்களுக்குப் பயம் தண்ணீர் அல்ல, தீ. ஆனியிலும் ஆடியிலும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று வரும். ஓலைக்கூரையைத் தூக்கிப் பார்க்கிற காற்று. அதே மாதங்களில்தான் வீட்டுக்கு வீடு அக்கானி காய்ச்சும் அடுப்பு எரியும். பனையிலிருந்து இறக்குகிற இனிப்புச் சாறு அக்கானி. அதைக் காய்ச்சித் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. அடுப்புக்கு விறகும் காய்ந்த ஓலைதான், கூரையும் காய்ந்த ஓலைதான். வருடத்துக்கு ஒரு வீடாவது எரியும். தீ என்றால் வேதக்கோயிலில் உபதேசியார் மணியை விடாமல் அடிப்பார். ஆண்கள் நீளமான தொரட்டிகளோடு ஓடிவந்து, எரிகிற வீட்டுக்கு அடுத்த வீட்டுக் கூரையை இழுத்துக் கீழே போடுவார்கள். தீ தாண்டுவதற்கு வழி இருக்கக்கூடாது.

என் அண்ணன் முத்துநாயகம் ஏறிய பனைகள் எங்களுடையவை அல்ல. மரத்துக்காரர் குமாரதாஸ் ஒவ்வொரு கார்த்திகையிலும் வருவார். அவருடைய பங்கைக் கருப்பட்டியாக அளந்து கொடுக்க வேண்டும். கொடுத்தால் அடுத்த மாசியில் மரம் நமக்கு. இல்லையென்றால் வேறு பனையேறிக்கு.

ஒரு வருடம் எங்களால் கொடுக்க முடியவில்லை. அப்போது அப்பா உயிரோடு இருந்தார். எல்லா வீட்டையும் போல நாங்களும் கருப்பட்டியை அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கியிருந்தோம். புகை பட்டால் கருப்பட்டி கசியாது. அந்த ஆடியில் அடுக்களை எரிந்தது, பரணும் எரிந்தது. மரங்கள் கைவிட்டுப் போயின. அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார். மலைக்காய்ச்சலோடு திரும்பி வந்தார். அடுத்த வருட மழை தொடங்குவதற்கு முன் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு பெரிய சால் வாங்கினாள். நான்கு பேர் சேர்ந்து தூக்குகிற மண்சால். வீட்டுக்குப் பின்னால் மண் பொடியாக இருந்த பள்ளத்தில் அதைக் கழுத்து வரைக்கும் புதைத்தாள். மயிலாடியில் உரலுக்கு வெட்டி, பாதியில் பிளந்துபோய் ஒதுக்கிய கல் ஒன்றை வண்டியில் கொண்டுவந்து மூடியாக்கினாள். காற்று தொடங்கியதும் கருப்பட்டி முழுவதும் ஓலைக்குட்டான்களில் கட்டப்பட்டு அந்தச் சாலுக்குள் போகும். ஐப்பசி மழை விழுந்த பிறகுதான் மேலே பரணுக்கு ஏறும். அம்மாவின் சட்டம் அது. அண்ணன் பெரியவனாகி அதே மரங்களைத் திரும்ப வாங்கியபோதும் சட்டம் மாறவில்லை.

மைனி வந்த முதல் ஆனியில் சாலை நிறைக்கும்போது கீழே குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தாள். அதற்குள் சின்னச் சின்ன நத்தை ஓடுகள் இருந்தன.

"மாமி, இந்த மண்ணு தண்ணி கொண்டாந்ததாக்கும்."

"காத்து கொண்டாந்தது. இஞ்ச எல்லாம் காத்து மண்ணுதான்."

"காத்து நத்தையக் கொண்டு வருமா?"

"காக்கா கொண்டு போட்டிருக்கும். நீ குட்டானை எடுத்துக் குடு."

அவள் எடுத்துக் கொடுத்தாள். வடக்கே இருந்த குளத்திலிருந்து எங்கள் வீட்டுப் பின்பக்கம் வரைக்கும் அந்தப் பள்ளம் நீண்டு கிடந்தது. குளம் நிறைந்து நாங்கள் பார்த்ததில்லை. பள்ளத்தில் முள் வளர்ந்திருந்தது. ஒருவர் வாழை வைத்திருந்தார்.

அவள் வந்த மூன்றாம் வருடம் ஆடியில் அன்னக்கிளியின் மாட்டுக்கொட்டில் தீப்பிடித்தது. உச்சிப் பொழுது. அம்மாவும் அண்ணனும் பனை விளையில் இருந்தார்கள். வீட்டில் மைனியும் நானும் மட்டும். மணி அடித்தது. மணி அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அம்மா பலமுறை சொல்லியிருந்தாள். அரிசி, துணிப்பெட்டி, வெண்கலம் எல்லாம் சாலுக்குப் போக வேண்டும்; ஈரச் சாக்கைக் கூரையில் எறிய வேண்டும்.

மைனி ஒரு பாய்ச்சலில் அரிசிப் பானையைத் தூக்கிப் பரணில் வைத்தாள். துணிப்பெட்டியை வைத்தாள். வெண்கல உருளியை வைத்தாள். வேதப்புத்தகத்தை வைத்தாள். முற்றத்தில் நின்ற கோழியையும் பிடித்து மேலே ஏற்றினாள். "ஏட்டி ஞானம், அந்த அம்மியில இருக்க கொழவியையும் இஞ்ச தா" என்று கை நீட்டினாள். கொடுத்துவிட்டேன்.

ஆட்கள் தொரட்டியோடு வந்து எங்கள் அடுக்களைக் கூரையை மாட்டி இழுத்தார்கள். கூரை வந்தது. கூடவே பரணும் வந்தது. அரிசி கொட்டியது, குழவி ஒருவர் காலருகே விழுந்தது, கோழி கத்திக்கொண்டு அவர்கள் தலைக்கு மேல் பறந்தது. தீ அன்னக்கிளியின் கொட்டிலோடு நின்றுவிட்டது.

ஓடி வந்த அம்மா முற்றத்தில் நின்று பார்த்தாள். "தீக்குப் பயந்து எல்லாத்தையும் தீக்க வாயில கொண்டு வச்சிருக்கா" என்றாள்.

"நான் ஒண்ணும் நெனைக்கல்ல மாமி" என்றாள் மைனி. அவள் முகமெல்லாம் கரி. "மணி அடிச்ச ஒடனே கை தானா மேல போவுது."

கொட்டிலை இழந்த அன்னக்கிளி அழுதுகொண்டே வந்தவள், அரிசிக்கு நடுவில் நின்ற கோழியைப் பார்த்ததும் சிரிக்கத் தொடங்கினாள். "கோழிக்கு மாடியா! எம்மோ, எனக்க துக்கத்தயே மறக்கடிச்சிட்டாளே!" ஊரில் பல நாள் அதுதான் பேச்சு. மைனி கிணற்றடிக்குப் போனால் யாராவது கொக்கரிப்பார்கள்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வாரமே அடுக்களைக் கூரையின் கட்டுகளை அண்ணனைக் கொண்டு மாற்றிக் கட்டவைத்தாள். கீழே நின்று ஒரு கயிற்றை இழுத்தால் ஓரத்து ஓலை முழுவதும் தானே அவிழ்ந்து விழுகிற மாதிரி ஒரு முடிச்சு. தோணிப்பாய்க்கு அவள் ஊரில் அப்படித்தான் முடிச்சுப் போடுவார்களாம். "வீட்ட அவுக்கதுக்கே ஒரு முடிச்சா" என்று கேட்டவர்களும் அடுத்த ஆனிக்குள் அதே முடிச்சைப் போட்டார்கள். அடுப்பருகே இரண்டு பானையில் மணல், வாசலில் ஈரச் சாக்கு, கைக்கெட்டும் இடத்தில் தொரட்டி என்று தீக்கு வேண்டியது எதிலும் அவள் பிறகு தவறவில்லை. அம்மா மறந்தாலும் அவள் மறக்கமாட்டாள்.

கப்பலை மட்டும் கீழே இறக்கவில்லை. மாதம் ஒருமுறை அவிழ்த்து, துணியை வெயிலில் போட்டு, தீப்பெட்டியைக் குலுக்கிப் பார்த்து மறுபடியும் கட்டித் தொங்கவிடுவாள். ஒரு சித்திரையில் அண்ணன் பனையிலிருந்து பாளையோடு சேர்ந்து சறுக்கி விழுந்து தோள் இறங்கிப்போனபோது, கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மைனி கப்பலை அறுத்து எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். மாற்றுத் துணி, மெழுகுதிரி, சுக்கு எல்லாம் அங்கே பயன்பட்டன. பிள்ளை பிறந்தபோது அவளுக்கு வேண்டியதெல்லாம் அதிலிருந்துதான் எடுத்தோம். அன்னக்கிளி வாரத்துக்கு ஒருமுறை வேலி மேல் தலையை நீட்டி, "ஏ சத்தியபாய், கப்பல்ல தீப்பெட்டி உண்டா?" என்பாள். வாங்கிக்கொண்டு போனால் திரும்பி வராது. மைனி அதற்கும் சேர்த்து இரண்டு தீப்பெட்டி வைத்தாள்.

எங்கள் தாலுகாக்கள் சென்னையோடு சேர்வதற்கு முந்தின வருடம் பனை நன்றாகச் சுரந்தது. சால் நிறைந்து, மேலே இரண்டு குட்டான் மிச்சம் நின்றது. புரட்டாசி கடைசியில் மைனி வானத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

"மாமி, கருப்பட்டிய இப்பமே மேல ஏத்திருவோம்."

"மழை விழட்டு."

"விழுந்தா ஒண்ணிச்சு விழும் போல இருக்கு. எறும்பு எல்லாம் சுவத்துல ஏறுது."

"எறும்பு எந்த வருசம் ஏறல? காத்து இன்னும் நிக்கல. அடுப்புக்கு மேல ஏத்திட்டு நான் ஒறங்கணுமா?"

"அடுப்ப வெளிய வச்சு எரிப்போம் மாமி."

"வேண்டாம்டி. ஒரு தடவ ஏத்தி வச்சுத்தான் நான் தாலி அறுத்தேன். உனக்க தாலிக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

அம்மா அப்படிப் பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. மறுநாளும் பேச்சில்லை. அம்மா என்னிடம் சொல்லுவாள், நான் மைனியிடம் சொல்லுவேன். அவள் என்னிடம் சொல்லுவாள், நான் அம்மாவிடம். அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தான்.

"பாதி மேல, பாதி கீழ. அம்மைக்கப் பாதி கீழ கெடக்கட்டு, அவளுக்கப் பாதி மேல போவட்டு. எது எரிஞ்சாலும் எது கரைஞ்சாலும் மத்தது இருக்குமில்லியா? இனி இந்த வீட்டுல கருப்பட்டிப் பேச்சு நான் கேக்கக் கூடாது."

"மரத்துக்காரருக்குப் பங்கு முழுசும் வேணுமே" என்றாள் அம்மா.

"பாதியில அவருக்குப் பங்கு வரும். நம்மளுக்குத்தான் இருக்காது. நம்ம மரச்சீனிக் கெழங்கு தின்னுக்கிடுவோம்."

அப்படியே பங்கு வைத்தோம். அம்மா தன் பாதியை எண்ணிச் சாலில் போட்டு மயிலாடிக் கல்லை மூடினாள். மைனி தன் பாதியைப் பரணில் அடுக்கினாள். அடுப்பு முற்றத்துக்குப் போனது.

ஐப்பசியில் மழை தொடங்கியது, தொடங்கியது நிற்கவில்லை. சாலைத் திறந்து அம்மாவின் பாதியையும் மேலே ஏற்ற வேண்டிய நேரம் அது. ஆனால் கல்லை நகர்த்தினால் மழை உள்ளே விழும். "கொஞ்சம் வெறிக்கட்டு, எடுப்போம்" என்று அம்மா ஒவ்வொரு நாளும் சொன்னாள். மைனி ஓலைக் குடையோடு போய்ச் சாலின் கழுத்தைச் சுற்றி மண்ணை அணைத்துவிட்டு வருவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் மைனியும் பிள்ளையோடு கோயிலுக்குப் போயிருந்தார்கள். அம்மாவுக்குச் சளி. துணைக்கு நான் இருந்தேன். ஆராதனை முடிகிற நேரம். கோயில் மணி விடாமல் அடிக்கத் தொடங்கியது.

அம்மா துள்ளி எழுந்தாள். "தீ!"

"மழை பெய்யுதே அம்மா."

"உள்ள கூடி எரியும். கூரைக்க அடியில புகைஞ்சு எரியும். ஏறுட்டி, ஏறு, பரணுல ஏறு!"

நான் ஏறினேன். அம்மா கடப்பாரையை எடுத்துக்கொண்டு மழைக்குள் போனாள். அந்தக் கல்லை நகர்த்த எப்போதும் அண்ணனும் வேண்டும். அன்று அவள் தனியாக நகர்த்தினாள். திரும்பி வந்து சேலைத் தலைப்பை விரித்துக்கொண்டு கீழே நின்றாள். நான் குட்டான்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தேன். அவள் தலைப்பில் வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு பள்ளத்துக்கு ஓடினாள், சாலில் போட்டாள், வந்தாள். இருமல் வந்தது, நிற்கவில்லை. மைனியின் பாதி கொஞ்சம் கொஞ்சமாக அம்மாவின் பாதியோடு போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் மட்டும் அப்படி நடக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஊரில் மூன்று வீட்டுக்காரர்கள் கொட்டும் மழையில் அவிழ்ப்பு முடிச்சை இழுத்துத் தங்கள் கூரையைத் தாங்களே கீழே போட்டிருந்தார்கள். தொரட்டியோடு ஓடிய ஆண்கள் புகையைத் தேடி ஊரைச் சுற்றினார்கள். உபதேசியாரையும் குறை சொல்ல முடியாது. விடாமல் அடிப்பதைத் தவிர வேறு மணி அவருக்கும் தெரியாது. தண்ணீருக்கென்று எங்கள் ஊரில் யாரும் மணி வைத்திருக்கவில்லை.

அம்மா தலைப்பை விரித்துக்கொண்டு மறுபடியும் கீழே நின்றபோது மைனி வந்தாள். இடுப்பில் பிள்ளை. முழங்கால் வரைக்கும் சேறு. மூச்சு வாங்கியது.

"மாமி, கொளம் ஒடைஞ்சிட்டு! தண்ணி வருது!"

"மணி அடிக்குதுடி!"

"தண்ணிக்குத்தான் அடிக்காவ! ஞானம், குடுக்காத! மேல வை!"

"தாட்டி கீழ!" என்றாள் அம்மா. "இவளுக்கு எப்பமும் தண்ணிதான். தாட்டி!"

"வைட்டி மேல!"

என் கையில் ஒரு குட்டான் இருந்தது. ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் மைனி. நான் யாருக்கும் கொடுக்கவில்லை, திரும்பவும் வைக்கவில்லை. பரணில் உட்கார்ந்திருந்ததால் பின்கதவு வழியாக எனக்குப் பள்ளம் தெரிந்தது. முதலில் வாழைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன, காற்றில் சாய்கிற மாதிரி அல்ல, யாரோ அடியில் பிடித்து இழுக்கிற மாதிரி. பிறகு முள்செடியின் மேல் பழுப்பாக ஒன்று நகர்ந்து வந்தது. அது பள்ளத்தை விட்டு வெளியே வரவில்லை. எங்கே போக வேண்டும் என்று தெரிந்த மாதிரி நேராக வந்தது.

"அம்மா" என்றேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். மயிலாடிக் கல் ஒரு பக்கமாகக் கிடந்தது. சாலின் வாய் திறந்திருந்தது. தண்ணீர் அதன் மேல் ஏறியபோது பெரிய பெரிய குமிழிகள் வந்தன. குமிழி நின்றதும் சால் இருந்த இடமே தெரியவில்லை.

அம்மாவின் தலைப்பில் நான் ஏற்கெனவே கொடுத்த இரண்டு குட்டான் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இரண்டையும் எடுத்து மேலே, என் பக்கம் நீட்டினாள்.

"பிடி" என்றாள்.

தண்ணீர் வாசற்படி தாண்டி உள்ளே வந்தது. மைனி பிள்ளையைப் பரணில் என் மடியில் வைத்தாள். அரிசியை ஏற்றினாள், பெட்டியை ஏற்றினாள், உருளியை ஏற்றினாள். அம்மா எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். மைனி ஒரு தடவைகூட எதை முதலில் வைப்பது என்று யோசிக்கவில்லை. கடைசியில் கோழியையும் பிடித்து அம்மாவே மேலே கொடுத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. கோயிலிலிருந்து குளக்கரைக்கு ஓடியிருந்த அண்ணன் நீந்தாத குறையாக வந்து சேர்ந்தபோது மைனி அம்மாவைக் கட்டில் மேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் தண்ணீர் தெற்கே வடிந்துவிட்டது. அடுக்களையின் மேற்குச் சுவர் விழுந்திருந்தது. மிச்சச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு கோடு இருந்தது.

ஊரில் காய்ந்த பொருள் எதுவும் இல்லை. வேலி போய்விட்டதால் அன்னக்கிளி வாசல் வழியாகவே வந்தாள். சேலையெல்லாம் சேறு.

"சத்தியபாய்" என்றாள். "கப்பல்ல தீப்பெட்டி இருக்கா மக்கா?"

இருந்தது. அந்தக் காலையில் எங்கள் தெருவில் எரிந்த அடுப்பெல்லாம் அந்தத் தீப்பெட்டியிலிருந்து எரிந்தவை.

அம்மா பள்ளத்தருகே போய் உட்கார்ந்திருந்தாள். சால் உடையவில்லை. விளிம்பு வரைக்கும் கறுப்பாகத் தண்ணீர் நின்றது. மேலே வெறும் ஓலைக்குட்டான்கள் மிதந்தன. அம்மா ஒரு விரலை முக்கி நாக்கில் வைத்தாள்.

மைனி போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"இனிக்கு" என்றாள் அம்மா.

"காய்ச்சினா எறுகுமா மாமி?"

"மண்ணு கெடக்கு."

"வடிகட்டுவோம்."

அம்மா மறுபடியும் விரலை முக்கினாள். பிறகு, மைனியைப் பார்க்காமல், "கை தானா கீழ போச்சு" என்றாள்.

"எனக்குத் தெரியாதா மாமி" என்றாள் மைனி. சாலுக்குள் குனிந்து செம்பால் மொண்டு ஊற்றத் தொடங்கினாள்.

அண்ணனின் பழைய வேட்டியை நான்காக மடித்து வடிகட்டினோம். தெளியவிட்டு மறுபடியும் வடிகட்டினோம். மைனிக்கு அதுவரை கருப்பட்டிப் பதம் கைவந்ததே இல்லை. அடுப்பருகே அம்மா அவளை விடவும் மாட்டாள். அன்று அம்மாவுக்கு இருமல். கட்டிலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல மைனி துடுப்பைப் போட்டுக் கிண்டினாள். பொங்கி வந்தபோது அது அடங்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டாள். அக்கானி காய்கிற வாசனை வரவில்லை; குளத்து வாசனைதான் வந்தது. சிரட்டையில் ஊற்றியது சரியாக இறுகவும் இல்லை. கறுப்பாக, கையில் ஒட்டுகிற மாதிரி வந்தது. சந்தையில் யாரும் வாங்கமாட்டார்கள்.

"கொள்ளாம்" என்றாள் அம்மா. "வீட்டுக்கு ஆவும்."

கார்த்திகையில் குமாரதாஸ் வந்தார். வழியில் பல வீடுகளில் அவருக்குப் பங்கு கிடைக்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அண்ணன் பரணிலிருந்து குட்டான்களை இறக்கினான். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் சாலுக்குக் கொண்டுபோனவை இருந்திருந்தால் தாராளமாக வந்திருக்கும். இப்போது வருமா வராதா என்று அண்ணனுக்கும் தெரியவில்லை. கடைசிக் குட்டானை இறக்கி வைத்ததும் பரணில் ஒன்றும் இல்லை. குமாரதாஸ் தூக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"நல்ல காய்ஞ்ச கருப்பட்டி. இந்த மழையில எப்பிடிவே காப்பாத்துனீரு?"

"வீட்டுல ஒருத்திக்குத் தண்ணின்னா பயம்" என்றான் அண்ணன்.

"பங்கு சரியா இருக்கு. மாசியில மரத்துல கலயம் கட்டிரும்."

கதவுக்குப் பின்னால் அம்மா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. உடனே காப்பி போட உள்ளே போனாள். குமாரதாஸ் ஒரு வாய் குடித்தார். பல்லில் எதையோ கடித்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன நேசம்மா, காப்பிக்குள்ள மண்ணு கெடக்கு?"

"உங்களுக்க மரத்தடி மண்ணுதான்" என்றாள் அம்மா. "குடிங்க."

அவர் சிரித்துவிட்டார். மைனி வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள்.

அந்த மண் கருப்பட்டியைத்தான் மாசி வரைக்கும் காப்பியில் போட்டுக் குடித்தோம். கடைசி மடக்கை யாரும் குடிக்கக்கூடாது. அடியில் மணல் இருக்கும். பிள்ளைகூட அதைப் படித்துக்கொண்டது. அம்மா எல்லாருடைய கிளாசிலிருந்தும் மிச்சத்தைச் சேர்த்து முருங்கைக்கு ஊற்றுவாள்.

இடையில் அம்மா ஒருநாள் உபதேசியாரிடம் போனாள். தீக்கு ஒரு மணி, தண்ணீருக்கு வேறொரு மணி வேண்டும் என்று கேட்டாள். சபையில் அதைப் பற்றி இரண்டு ஞாயிறு பேசினார்கள். தண்ணீருக்கு விட்டு விட்டு அடிப்பது என்று முடிவானது. மணக்குடியில் எப்படி அடிப்பார்கள் என்று கேட்க மைனியைத்தான் கூப்பிட்டார்கள். "அங்க மணியே அடிக்கமாட்டாவ, தண்ணி வாறது எல்லாருக்கும் தெரியும்" என்று அவள் சொன்னதற்கு அன்னக்கிளிதான் முதலில் சிரித்தாள்.

அடுத்த ஆனியில் புதுக் கருப்பட்டி கட்டி முடிந்தது. ஊரெல்லாம் சென்னையோடு சேருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் காற்றைப் பற்றித்தான் பேச்சு. அண்ணன் சாலைத் தோண்டி எடுத்துப் பள்ளத்துக்கு வெளியே, மேட்டில், கல்தரையாக இருந்த இடத்தில் புதைத்திருந்தான். தோண்டுவதற்கு அவனுக்கு ஒரு வாரம் ஆனது. அம்மா குட்டான்களைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏட்டி சத்தியபாய், இஞ்ச வா. எந்தப் பாதி மேல, எந்தப் பாதி கீழ? நீயே பிரிச்சு வை."

மைனி பிரித்தாள். நன்றாக இறுகிய பாதியைச் சாலுக்கு ஒதுக்கினாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, அதிலிருந்து இரண்டு குட்டானை எடுத்துப் பரணுக்கு உள்ள பக்கம் மாற்றி வைத்தாள். மைனி அதில் ஒன்றைத் திரும்பச் சாலின் பக்கமே எடுத்து வைத்தாள்.

"சரி, போவட்டு" என்றாள் அம்மா. "கல்லத் தூக்க ஒரு கை பிடி."